இடது கண்ணைத் தொடாதே

போன புதன்கிழமை காலை எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தது. பணி ஓய்வு பெற்றவன் வீட்டில் டெலிபோன் அடித்தால் அது ராங் நம்பர்தான் என்பது என் ஓராண்டு அனுபவம். அதைச் சொல்லும் தயாரிப்போடுதான் எடுத்தேன்.

"சார், நான் ஸ்வப்னா. மியூசியம் லேப்லேர்ந்து பேசறேன். உங்க சீட்ல இப்ப நான்தான்."

எழுந்து நின்றேன். இருபது வருடம் உட்கார்ந்த நாற்காலி பேசினால் வேறென்ன செய்வது?

"சாம்பல் டிரஸ் லேடி இருக்காங்கல்ல சார், அவங்க ஃப்ரேமுக்குப் பின்னாடி ஒரு அட்டை கட்டியிருக்கு. உங்க கையெழுத்து. இங்கிலீஷ், தெலுகு, உருது மூணுலயும் 'இடது கண்ணைத் தொடாதே'ன்னு ஒரு வரிதான். தமிழ்ல மட்டும் நாலு வரி இருக்கு. ஏன் சார்?"

"நீ தமிழ்தானேம்மா? படிச்சுப் பாரேன்."

"பேசுவேன் சார். படிக்க ராது, அதான், வராது. ஸ்கூல்ல தெலுகு, ஹிந்திதான். அம்மா படிப்பாங்க. ஆனா அவங்க கண்ணாடி உடைஞ்சுபோச்சு. மண்டே புதுசு வந்துரும், அட்டைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டிடுவேன். டியூஸ்டே கேட்லாக் பிரஸ்ஸுக்குப் போகுது. அந்தக் கண்ணைப் பத்தி ஒரு பாரா எழுதியிருக்கேன், கேக்கறீங்களா?"

வாசித்துக் காட்டினாள். எனக்கு இருமல் வந்துவிட்டது. அந்தப் பத்தியைக் கடைசியில் தருகிறேன். படித்தால் உங்களுக்குப் பெருமூச்சு வரக்கூடும். எனக்கு ஏன் இருமல் வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. திங்கட்கிழமைக்குள் அவளிடம் நானே சொல்லியாக வேண்டியிருந்தது. ஒரு அம்மாவின் மூக்குக் கண்ணாடி என்னைத் துரத்திக்கொண்டிருந்தது.

நான் பாளையங்கோட்டையில் வேதியியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் உரத் தொழிற்சாலையில் சேர்ந்து நாட்டை உயர்த்தப் போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உரத் தொழிற்சாலைகளின் அபிப்பிராயம் வேறாக இருந்தது. கடைசியில் ஹைதராபாதில் ஓர் அருங்காட்சியகத்தில் உதவி வேதியியலர் வேலை கிடைத்தது. டெல்லிக்கு அனுப்பி ஆறு மாதம் பயிற்சி தந்தார்கள். அதில் நான் கற்றுக்கொண்டது இரண்டு. பழைய ஓவியத்தின் மேல் தும்மக் கூடாது. டெல்லிக் குளிரில் தும்மாமல் இருக்க முடியாது.

அருங்காட்சியகம் பேகம்பேட்டில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு நவாப் குடும்பத்தின் பழைய பங்களாவில் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஐரோப்பா போய் கடிகாரம், சரவிளக்கு, பளிங்குச் சிலை, ஓவியம் என்று கப்பல் நிறைய வாங்கி வந்திருந்தார். விமானம் கிளம்பும்போதெல்லாம் அவ்வளவும் சேர்ந்து கலகலக்கும். அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் விதி இது: விமானச் சத்தம் கேட்டால் கையை ஓவியத்திலிருந்து தூக்கிவிட வேண்டும். சத்தம் அடங்கும்வரை கை அந்தரத்தில் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சரணடைவதைப் பார்த்து மிரண்டிருக்கிறார்கள்.

இந்த விதியை வகுத்தவர் எங்கள் தலைமை வேதியியலர் மிஸ் ஜெபமணி. போலாரத்துக்காரர். அவருடைய தாத்தா பட்டாளத்தோடு பாளையங்கோட்டையிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். மூன்று தலைமுறை ஆகியும் அந்த வீட்டில் திருநெல்வேலித் தமிழ் அப்படியே இருந்தது, ஊரில் எங்கள் தெருவில்கூடக் கேட்க முடியாத சுத்தத்தோடு. நடுநடுவே மட்டும் ஹைதராபாத் எட்டிப் பார்க்கும். "நக்கோய்யா, நக்கோ! அந்தப் பஞ்சக் கீழ வையும்" என்பதுதான் என் வேலைநாள் முதல் வாழ்த்து. 'நக்கோ' என்றால் வேண்டாம்.

வெள்ளைப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பூதக்கண்ணாடி, கையில் குடை. போலாரம் பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் எட்டே முக்காலுக்கு வந்துவிடுவார். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. திட்டவே மாட்டார். நாம் ஏதாவது கெடுத்துவிட்டால் நாற்காலியைக் காட்டி, "உக்காரும். என்ன செஞ்சீரு, சொல்லும்" என்பார். முதலிலிருந்து வரிசையாக, நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். அந்தப் பயங்கரத்துக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். எதை எப்போது செய்தோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே வரும்போது, தப்பு செய்த இடத்தில் நாக்கு தானாகவே நின்றுவிடும்.

ஓவியத்தைச் சுத்தம் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். பழைய எண்ணெய் ஓவியத்தின் மேல் வார்னிஷ் இருக்கும். ஆண்டுகள் ஆக ஆக அது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் டீக்கடைப் பாத்திரத்தின் உட்புறம் மாதிரி ஆகிவிடும். அதை எடுக்க வலது கையில் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக்குச்சி. இடது கையில் டர்பன்டைனில் தோய்த்தது. ஸ்பிரிட் கரைக்கும், டர்பன்டைன் நிறுத்தும். ஒரு தபால்தலை அளவு இடம்தான் ஒரு தடவைக்கு. நாலைந்து உருட்டு உருட்டியதும் பஞ்சைப் பார்க்க வேண்டும். மஞ்சள், பழுப்பு வந்தால் வார்னிஷ், தொடரலாம். வேறு எந்த நிறம் வந்தாலும் அது ஓவியரின் சாயம், உடனே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பஞ்சையும் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் போட்டு எண் ஒட்டித் தாங்கியில் வரிசையாக வைக்க வேண்டும். வரைபடத்தில் அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். மிஸ்ஸின் இரண்டாம் விதி: "மூஞ்சப் பாக்காதேயும். பஞ்சப் பாரும்."

இப்போது அந்தப் பெண்.

பதிவேட்டில் அவளுக்கு 'பெண், சாம்பல் நிற உடை, ஓவியர் தெரியவில்லை, ஐரோப்பா' என்பதுதான் முகவரி. மார்பளவு உருவம். பின்னால் சாத்திய கதவு. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் வாடிய வெள்ளைப் பூ. ஒரு கையில் கையுறை மாட்டியிருக்கிறாள், மற்றது வெறும் கை. வெளியே கிளம்புகிறாளா, வந்துவிட்டாளா என்று சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் சிம்பலிஸ்ட்டுகள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. குறியீட்டு ஓவியர்கள். அதற்கு முன்னால் உருவப்படம் என்றால் ஆணுக்குப் பதவி, பெண்ணுக்குப் பட்டு. பார்த்தவுடன் குடும்ப வருமானம் தெரிய வேண்டும். இவர்கள் வந்து, உள்ளே இருப்பதை வரைகிறோம் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உள்ளே பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தேவதை தெரிந்தாள், மீதிப் பேருக்குப் பாம்பு தெரிந்தது. ஒருவருக்கும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த பெண் தெரியவில்லை. நான் நூலகத்துப் புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டு இப்படி ஏளனமாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் ஏளனமான முடிவு ஒன்று என் கைவசம் இருக்கும்.

சாம்பல் உடைக்காரி அந்த முடிவைக் காலி செய்தாள்.

நான் வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடம். புரொபேஷன் முடிகிற மாதம். மேல்நாட்டு ஓவியங்களுக்கென்று புதிய கூடம் திறப்பதாகவும், டெல்லியிலிருந்து மந்திரி வருவதாகவும், அழைப்பிதழில் இந்தப் பெண்ணின் முகத்தை அச்சடிப்பதாகவும் டைரக்டர் ராவ் காரு முடிவு செய்தார். பத்து நாளில் அவள் பளபளக்க வேண்டும். என் நிரந்தர நியமனக் கடிதமும் அதே வாரம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மிஸ் ஜெபமணி என்னைக் கூப்பிட்டு, "நீரே செய்யும்" என்றார். நான் காற்றில் மிதந்தேன்.

மூன்று நாளில் கதவும் உடையும் வெளியே வந்தன. ஆகா, அந்தச் சாம்பல்! பழுப்பு வார்னிஷுக்கு அடியில் அது வெறும் சாம்பலாக இல்லை. ஊதா, பச்சை, ரோஜா எல்லாம் கலந்து, மாடப்புறாவின் கழுத்து மாதிரி மின்னியது! ஒவ்வொரு பஞ்சுக்கும் என் இதயம் துள்ளியது. நாலாம் நாள், சனிக்கிழமை, முகம். வலது கண் தெளிந்தது. அடடா! தெளிந்த பழுப்பு விழி, நேராக நம்மைப் பார்த்தது. மரியாதையான பார்வை. விருந்தாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் பார்ப்பது போல.

பிறகு அவளுடைய இடது கண்ணுக்கு வந்தேன். அதன் மேல் மங்கலாக ஏதோ படிந்திருந்தது. அழுக்குதான் என்று நினைத்தேன். பஞ்சை வைத்து ஒரு உருட்டு உருட்டினேன். அப்போது விமானம் வந்தது.

விதிப்படி கையைத் தூக்கினேன். ஜன்னல்கள் அதிர்ந்தன. கை அந்தரத்தில் நிற்க, கண்ணுக்கு வேலை இல்லாமல் முதல் தடவையாக அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தம் அடங்கியதும் கை தன் வேலைக்குத் திரும்பியது. கண் திரும்பவில்லை. நான் பஞ்சைப் பார்க்காமல் மூஞ்சைப் பார்த்துக்கொண்டே உருட்டினேன், உருட்டினேன், உருட்டினேன். அவள் இடது கண்ணில் திடீரென்று ஒரு பொட்டு வெளிச்சம் பளிச்சென்றது. சந்தோஷத்தில் சத்தம் போடப் போனேன். அப்போதுதான் பஞ்சைப் பார்த்தேன்.

நீலம். வெளிறிய சாம்பல் நீலம்.

அது அழுக்கில்லை. அந்த இடது கண்ணின் மேல் பனி மாதிரி ஒரு மெல்லிய படலத்தை ஓவியரே பூசியிருந்தார். அதில் ஒரு பயறளவு இப்போது என் குச்சியின் நுனியில் இருந்தது.

வீரர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்களோ தெரியாது. நான் அந்தப் பஞ்சை நாற்பத்தொன்றாம் எண் குழாயில் போட்டேன், குழாயைச் சட்டைப் பைக்குள் போட்டேன், அவள் காதுப் பக்கம் போய் நாற்பத்திரண்டைத் தொடங்கிவிட்டேன்.

சாயங்காலம் மிஸ் வந்து தாங்கியைப் பார்த்தார்.

"நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்திரண்டு வருது. உங்க பள்ளிக்கூடத்துல அப்பிடித்தான் எண்ணச் சொன்னாகளா?"

"குழாய் உடைஞ்சிட்டு, மிஸ்."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஓவியத்தின் மேல் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, "ம்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. பனி முழுவதையும் துடைத்துவிடலாம். இரண்டு கண்ணும் ஒன்று போல் ஆகிவிடும், பயறளவு காணாமல் போனது ஒருவருக்கும் தெரியாது, டைரக்டர் மகிழ்வார், கடிதத்தில் கையெழுத்து விழும். அல்லது, உண்மையைச் சொல்லலாம். பனி பிழைக்கும், என் வேலை பிழைக்குமா என்பது சந்தேகம். நான் முதல் வழியைத்தான் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. ஊழியர்களின் குடும்பத்தார் வந்து பார்க்கலாம். என் மனைவி கோமதி வந்தாள். ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றபடியே சாம்பல் உடைக்காரியைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், அரைத் தலைவலி" என்றாள்.

"யாருக்கு?"

"இவளுக்குத்தான். இந்தப் பக்கம் நம்ம பேச்சக் கேக்கா, அந்தப் பக்கம் கண்ணு இங்க இல்ல பாருங்க. உங்க அம்மா வந்திருக்கும்போது நான் இப்பிடித்தான ஒரு பக்கமாச் சிரிச்சிட்டு நிப்பேன்."

"எப்ப? நான் பாத்ததே இல்லையே."

"நீங்க எதப் பாத்திய!"

கூடம் பெருக்கும் ரஹீமா பீ துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிட்டது. "ஹவ், சாப்! யே இதரிச் நை" என்றார். இவள் இங்கேயே இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றைக்குத் தானும் இப்படித்தான் வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கோமதி அதற்குத் தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒரு மொழியும் பொதுவில் இல்லாமல் பத்து நிமிடம் பேசினார்கள்.

அவர்கள் போனபின் ஓர் அட்டையை எடுத்து அவள் முகத்தில் பாதியை மறைத்தேன். வலது பாதி: இருக்கிறாள், கேட்கிறாள், பதில் சொல்வாள். மாற்றி மறைத்தேன். இடது பாதி: வாய் அதே வாய், புருவம் அதே புருவம். ஆனால் ஆள் எழுந்து போய்விட்டாள்! அட்டையை எடுத்தேன். ஒரே பெண், ஒரே நிமிடத்தில் இருக்கிறாள், இல்லை! மயிர்க்கூச்செறிந்தது. தேவதையும் வேண்டாம், பாம்பும் வேண்டாம். ஒரு பெண்ணுக்குள் நமக்குச் சொல்லப்படாத இடம் ஒன்று இருக்கிறது. அதை அந்த ஓவியர் எட்டிப் பார்க்கவில்லை. இருக்கிறது என்று மட்டும் காட்டி, பனியால் கதவைச் சாத்திவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதைத் துடைத்தால் மிஞ்சுவது போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த ஒரு சீமாட்டி. அறை முழுக்க நடந்தேன். கல்யாணமாகி நாலு வருடம் ஆன என் மனைவியின் அரைச் சிரிப்பை ஒரு வெளிநாட்டுக்காரர் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை!

திங்கட்கிழமை டைரக்டர் வந்தார். "ஏமண்டி, ஆ கன்னு எப்புடு கடுகுதாரு?" அந்தக் கண்ணை எப்போது கழுவப் போகிறீர்கள் என்று கேட்கிறார். என்னவோ பாத்திரம் கிடக்கிற மாதிரி.

"அது அழுக்கில்ல, சார்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பதற்கான ஒரே சாட்சி என் வீட்டில் சவரப் பெட்டிக்குள் இருந்தது. மிஸ் ஜெபமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "புற ஊதா விளக்கு இருந்தா நிரூபிக்கலாம், சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

எங்களிடம் அந்த விளக்கு கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு பொதுத்துறை ஆலையில் இருந்தது. வார்ப்பு இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒரு சாயத்தைத் தடவி அந்த விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். என் மனைவியின் தம்பி நெல்லையப்பன் அங்கேதான் விரிசல் பார்க்கும் உத்தியோகம் பார்த்தான். கடிதத்தை நான் எழுதினேன். 'ஒரு பெண்மணியின் இடது கண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருப்பதால் தங்கள் விளக்கை ஒரு நாள் கொடுத்து உதவ வேண்டுகிறோம்.' சுருக்கமாக எழுத வேண்டும் என்பது எனக்கு எப்போதும் ஒரு கொள்கை. ஆலையின் தபால் பிரிவு அதை நேராகத் தங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது. புதன்கிழமை பதில் வந்தது: மேற்படி பெண்மணி எந்த ஊழியரின் குடும்பத்தைச் சேர்ந்தவர், அவர் வயது என்ன, ஊழியர் எண் என்ன என்பதைத் தெரிவித்தால் கண் பரிசோதனை குறித்துப் பரிசீலிக்கப்படும்.

மிஸ் அதை இரண்டு தடவை படித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வயசு எழுபதுக்கு மேலன்னு எழுதும்" என்றார்.

நெல்லையப்பன் மேலதிகாரிகளின் காலில் விழுந்து வாயில் அனுமதிச் சீட்டு வாங்கி, வியாழக்கிழமை விளக்கைப் போர்வையில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்தான். வந்ததும் அவள் முகத்தை ஒரு தொழில்முறைப் பார்வை பார்த்தான். ஓவியம் பழசானால் சாயத்தில் மெல்லிய விரிசல்கள் வலை போல ஓடும்.

"என்ன அத்தான், மூஞ்சி முழுக்க கிராக்கு? எங்க இன்ஸ்பெக்ஷன்ல இது உடனே ரிஜெக்ட்."

பட்டப்பகலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். டைரக்டர், மிஸ், நெல்லையப்பன், நான். விளக்கு எரிந்தது.

அதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது! வார்னிஷ் எடுத்த இடமெல்லாம் கருநீலமாக இருட்டிப்போய்க் கிடந்தது. வார்னிஷ் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது, குளத்துப் பாசியில் வெயில் விழுந்த மாதிரி! நான் மிச்சம் விட்டிருந்த அவள் இடது கண் அந்த இருட்டில் பச்சைத் தீவாக மிதந்தது.

மிஸ் விளக்கினார். "பழைய வார்னிஷ் இந்த வெளிச்சத்துல பச்சையா மின்னும், சார். மேல அழுக்கு இருந்தா பச்சைய மறைச்சிக் கறுப்பாத் தெரியும். கண்ணு மேல பச்சை எப்பிடிச் சீரா இருக்கு, பாத்தீங்களா? அப்ப அந்த மங்கல் வார்னிஷுக்கு அடியில இருக்கு. வார்னிஷ் பூசினப்பவே அது இருந்திருக்கு. அது வரைஞ்சவர் பூசினது."

டைரக்டர் மூச்சுவிடாமல் பார்த்தார். நான் குதிக்காத குறை. ஜெயித்துவிட்டோம்!

"அதி ஏமிட்டி?" என்றார் டைரக்டர். அது என்ன?

பச்சைத் தீவின் நடுவில் ஒரு கறுப்புத் துளை. பயறளவு.

இருட்டில் மிஸ் ஜெபமணியின் குரல் கேட்டது. அவர் டைரக்டரிடம் பேசவில்லை. "என்ன, சொல்லும்" என்றார்.

நான் விளக்கின் ஒயரைச் சரிசெய்யக் குனிந்தேன். அதற்குள் என் மைத்துனன், வேலைப்பழக்கத்தில், தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அறிவித்தான்: "அது ஒண்ணுமில்ல சார், ப்ளோ ஹோல். வார்ப்புலயே வர்றது. மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்."

"ஓகோ" என்றார் டைரக்டர் திருப்தியாக. கண்ணைத் தொட வேண்டாம் என்று உத்தரவாயிற்று. அழைப்பிதழுக்கு அவர் வெள்ளி இழைத்த ஒரு பித்ரி வேலைப்பாட்டு ஹுக்காவைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளிக்கிழமை என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு வெற்று அட்டையைத் தந்தார். "நாலு பாஷையில எழுதும். தொடாதேன்னு எழுதும். ஏன்னும் எழுதும்." ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் உருதிலும் ஒவ்வொரு வரி எழுதினேன், உருதுக்கு ரஹீமா பீயின் மகன் உதவினான். தமிழில் நாலு வரி எழுதினேன். அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவரும். என் வீரத்தின் எல்லை அவ்வளவுதான். அவர் படித்துப் பார்த்தார். "ம். மத்த மூணு பாஷையில எப்ப எழுதப் போறீரு?"

"எழுதிருதேன், மிஸ்."

அந்தத் துளையை அடைத்துவிடலாமா என்றும் பார்த்தார். ஒரு கண்ணாடித் தகட்டில் மூன்று விதமாகப் பனி கலந்து பூசிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கண்புரை விழுந்த மாதிரி இருந்தது. தகட்டைக் கழுவி வைத்துவிட்டார். "அவரு பனி வேற. எம் பனி வேற."

அதன்பின் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்கும் நாளில், அவளைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் பார்க்கும்போது, இரண்டே கேள்வி கேட்பார். "மத்த மூணு பாஷையில எழுதியாச்சா?" "நாப்பத்தொண்ணு எங்க?" நான் முதலாவதற்கு "எழுதிருதேன்" என்றும் இரண்டாவதற்கு "உடைஞ்சிட்டே, மிஸ்" என்றும் சொல்வேன். அவர் ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக நின்றபடி அதையேதான் கேட்டார். பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நானே என்னைக் கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஸ்வப்னாவின் பத்தி. ஆங்கிலத்தில் இருந்தது, என் தமிழில் தருகிறேன். 'இங்கே இல்லாத அந்தக் கண்ணுக்குள் ஓவியர் பயறளவு ஓர் ஒளிப்புள்ளியை விட்டுவைத்திருக்கிறார். எங்கோ போய்விட்ட ஒரு பெண், திரும்பி வரும்போது வழி தெரிய வேண்டுமென்று ஏற்றிவைத்துவிட்டுப் போன விளக்கு அது. ஒரு மனதின் ஆழத்தை இத்தனை சிறிய இடத்தில் வேறு யாரும் காட்டியதில்லை.'

அந்த 'வேறு யாரும்' நான்தான்.

மூன்று நாள் தூக்கமில்லை. பேசாமல் இருந்தால் ஒரு மகத்தான ஓவியத்தின் மகத்தான புள்ளி என்னுடையது, உலகத்துக்குத் தெரியாமல். ஆசையாகத்தான் இருந்தது. கோமதியிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "அப்பவே தெரியும்" என்றாள். "சவரப் பெட்டியில ஒரு குழாய எதுக்கு ஒருத்தர் பூட்டி வச்சிருப்பாரு?" ஒரு பக்கமாகச் சிரித்தாள். இந்தத் தடவை பார்த்தேன்.

சனிக்கிழமை ஸ்வப்னாவைக் கூப்பிட்டேன்.

"அந்த விளக்க ஏத்தினது ஓவியர் இல்லம்மா. நான்."

"சார்?"

அட்டையின் நாலு வரியையும் மனப்பாடமாகச் சொன்னேன். 'இடது கண்ணைத் தொடாதே. இதன் மேலுள்ள பனி ஓவியர் பூசியது, அழுக்கல்ல. அதில் பயறளவு பஞ்சு எண் நாற்பத்தொன்றில் போய்விட்டது. எடுத்தவன் நான்.'

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆனா புள்ளி ரொம்ப நல்லாருக்கே சார்!" என்றாள், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"அதாம்மா கொடுமை. நான் மெனக்கெட்டுச் செஞ்ச எதையும் யாரும் இவ்வளவு பாராட்டினதில்ல."

"அப்ப பாராவ என்ன பண்ண?"

"நீ கண்ணுல பாத்ததத்தான எழுதின. அது இருக்கட்டும். புள்ளி எப்படி வந்ததுன்னு மட்டும் மேல எழுது. எம் பேரோட எழுது. அட்டையிலயும் மத்த மூணு பாஷையில எழுதணும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறியா?"

எழுதிக்கொண்டாள். ஆங்கிலம் ஆயிற்று, தெலுங்கு ஆயிற்று. உருதுக்கு ரஹீமா பீயின் பேரனைக் கூப்பிட்டாள், அவன் இப்போது அங்கே காவலர்.

நேற்று ஞாயிறு. சவரப் பெட்டியைத் திறந்து குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போலாரம் பஸ்ஸில் ஏறினேன். மிஸ் ஜெபமணிக்கு இப்போது எண்பதை நெருங்குகிற வயது. ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து வெள்ளைப் புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அதே கறுப்புக் கயிறு, அதே பூதக்கண்ணாடி. நான் குழாயை மேஜையில் வைத்தேன்.

அவர் என் மூஞ்சைப் பார்க்கவில்லை. பஞ்சைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து, நிதானமாக. நீலம் இன்னும் இருந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றார்.

பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரும். என்ன செஞ்சீரு, சொல்லும்."